பெயர்ச்சொல்லுக்கு வெள்ளைக் கொட்டை

செல்லத்தின் சரத்தில் ஒரு வெள்ளைக் கொட்டைகூட இல்லை.

ஐயாசாமி வாத்தியார் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அத்தனையும் சிவப்பு. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

பின்னே, எத்தனை பாடுபட்டு உண்டாக்கிய பாடம் இது! மலாயாவில், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பலகைக்கே வழியில்லாத பள்ளிக்கூடம். ரப்பர் கொட்டைக்கு மட்டும் பஞ்சமில்லை. பிள்ளைகளை விட்டுப் பொறுக்கவைத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளைத்து, பாதியைச் சுண்ணாம்பிலும் பாதியைச் செங்காவியிலும் முக்கி எடுத்திருந்தார். வெள்ளை பெயர்ச்சொல். சிவப்பு வினைச்சொல். இரண்டையும் நூலில் கோத்தால் ஒரு வாக்கியம்.

நாளைக்குத் துரை பார்க்க வருகிறார். தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறிய வெள்ளைக்காரத் துரை.

மற்றப் பிள்ளைகள் வெளுத்து வாங்கியிருந்தார்கள். அர்ச்சுனன் 'மாடு முட்டியது' கோத்திருந்தான். புஷ்பவள்ளி 'மழை பெய்தது'. சின்னத்தம்பி 'வாத்தியார் அடித்தார்' என்று கோத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான்.

செல்லம் ஒன்றும் மண்டு அல்ல. எட்டு வயதில் வாத்தியாரே மெச்சும் பிள்ளை.

வெள்ளைக் கொட்டை ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தார். "உங்க அம்மா பேரைச் சொல்லிக் கோத்துக் காட்டு, பாப்போம்."

செல்லம் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

சின்னத்தம்பி உதவிக்கு வந்தான். "காளிய..." என்று தொடங்கியவனின் வாயை அவள் இரண்டு கையாலும் பொத்தினாள். கொட்டை தரையில் உருண்டு ஓடியது.

வாத்தியார் பிரம்பைத் தேடினார்.

"பேரு சொல்ல வேணாம் வாத்தியாரய்யா," என்றாள் செல்லம் அழுதுகொண்டே. "சொன்னா கப்பல்ல ஏத்திடுவாங்க. அப்பா பேரையும் நீங்கதானே படிச்சீங்க?"

பிரம்பைத் தேடிய கை நின்றது.

ரப்பர் விலை விழுந்து, ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கியது போன மாதம். விடியற்காலையில் ஆட்கள் வரிசையில் நிற்கும் பிரட்டில், பெயர் வாசிக்கப்பட்டவர்கள் மூட்டை கட்ட வேண்டும். அன்று, பெயர் வாசிக்க வேண்டிய தோட்டத்துக் கணக்கர் கிராணிக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாத்தியாருக்கோ வெண்கலக் குரல். ளகரம் லகரமாகாமல், ஓர் எழுத்தும் பிசகாமல், பத்தொன்பது பெயரையும் கணீரென்று வாசித்தார். கிராணி பாராட்டினார். அன்று முதல் அந்த வேலை இவருக்கே வந்து சேர்ந்தது.

அந்தப் பெயர்களுக்குப் பின்னால் என்ன வினை வரும் என்று அவர் யோசித்ததே இல்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. வாத்தியார் அவளுக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"பேரே வேணாம் தாயி. 'வந்தாள்'னு சொன்னாப் போதும். ஆளு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கா. யாருன்னு வெளியில தெரியாது."

"துரைக்கும் தெரியாதா?"

"துரைக்கும் தெரியாது."

இலக்கணப்படி அது சரிதான். எழுவாய் தோன்றாமலே தமிழில் வாக்கியம் நிற்கும்.

செல்லம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொரு சிவப்புக் கொட்டையாகத் தொட்டுச் சொன்னாள். வந்தாள். சமைத்தாள். ஊட்டினாள். சிரித்தாள். கடைசிக் கொட்டைக்கு வந்தபோது அவள் முகம் தெளிந்துவிட்டது. சரத்தை அவரிடமே கொடுத்து, சுவரில் மாட்டச் சொன்னாள்.

மாட்டிவிட்டு வாத்தியார் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். நாளைக் காலைப் பிரட்டில் வாசிக்க வேண்டிய பட்டியல் அதற்குள் இருந்தது. உச்சரிப்பு பிசகக் கூடாதென்று இன்று காலையிலேயே ஒரு தடவை வாசித்துப் பழகியிருந்தார். ஒன்பதாவது பெயரை மட்டும் இரண்டு தடவை, ளகரம் சுத்தமாக விழ வேண்டும் என்று.

காளியம்மா.