கம்பி வைக்கிற பக்கம்

கக்கூஸில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி வைக்கணும் என்று பெரியவர் பொன்னுரங்கத்தின் மகன் என்னைக் கூப்பிட்டிருந்தார். உயரம் பார்க்கப் பெரியவரை வேட்டியோடு கக்கூஸ் கோப்பையில் உட்கார வைத்தேன்.

"எழுந்திருங்கய்யா. கை போற இடத்துல கோடு போட்டுக்கறேன்."

வலது பக்கம்தான் சுவர். அவர் கை இடது பக்கம், வெறும் காற்றில் நீண்டது.

"அங்க சுவர் இல்லீங்கய்யா."

"அவ நிக்கிற பக்கம்பா அது."

"அம்மா இப்போ தம்பி வீட்டுல. ஆளுக்கு ஒருத்தரா வச்சுப் பாத்துக்கறோம்" என்றார் மகன். "நீங்க சுவத்துலயே போடுங்க மேஸ்திரி."

துளை போட்டு முடுக்கினேன். உட்கார்ந்தபடியே பெரியவர் கம்பியை ஆட்டிப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் இருக்கு. அவ திட்டிக்கிட்டே தூக்குவா. இது திட்டாதுல்ல?"

"திட்டாதுங்கய்யா" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.