உப்புக் கை

உப்பளக் குடியிருப்புக்கென்று கொடுத்த பொதுக் கணினி முன் அதன் பொறுப்பாளன் குணாளனைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. உப்புக் கை பட்டால் கீபோர்டு அரித்துவிடுமாம். எல்லோருடைய விண்ணப்பத்தையும் குணாளன் துரையே தட்டுவார். ஓடிபி கேட்டு அலையவேண்டாமென்று எல்லாவற்றிலும் தன் கைபேசி எண்ணையே போட்டுவிடுவார். பெரிய மனசு. தட்டிய பெயர் ஒன்றாவது நினைவிருக்குமா என்றால், இருக்காது.

எட்டாவது முறையாக வந்திருந்தாள் சகாயராணி. "ஆஸ்பத்திரி வேலைக்கு எதாச்சும் தகவல் வந்துச்சாண்ணே?"

"வந்தா சொல்லமாட்டனா? ஒங்களுக்கெல்லாம் பொறுமையே கெடையாது."

அப்போது குணாளனின் கைபேசி அடித்தது.

"யாரு, சகாயராணியா? அப்படி யாரும் இங்க இல்லீங்க. ராங் நம்பர்."

வைத்துவிட்டுக் கீபோர்டைத் துணியால் துடைத்தான்.

சகாயராணி எழுந்து வந்து, இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் அழுத்தி வைத்தாள்.