முறியாத ஷாஃப்ட்

“இது மட்டும் முறிஞ்சுது, உன் இன்னொரு கையையும் முறிச்சுப் போட்டுருவேன்!”

டுவேன் கத்தியது கல்குவாரி முழுக்கக் கேட்டது. மோட்டாரிலிருந்து நீண்டிருந்த, சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டை மனைவி மார்லாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். பென்சிலைவிட மெல்லியது.

“பதினஞ்சு கிலோ வண்டிக்கு அஞ்சு எம்எம்மா? எட்டு எங்கடி?”

“கடைக்கு வரலை, டுவேன்.”

அவனுடைய ரிமோட் பொம்மை வண்டிகளைப் பூட்டிக் கொடுப்பது எப்போதும் அவள்தான். மாவுக்கட்டுப் போட்ட இடது கையால் வண்டியைத் தாங்கி, வலது கையால் திருகுகளை முடுக்கினாள். போன மாதம், டுவேன் வென்ற கோப்பையைத் துடைக்கும்போது வழுக்கி விழுந்ததாக ஃபாலன் என்ற அந்தச் சிற்றூரில் சொல்லி வைத்திருந்தாள். யாரும் நம்பவில்லை.

ஒன்றையொன்று மோதி நொறுக்கும் போட்டி அது; கடைசி வரை ஓடும் வண்டிக்கே வெற்றி. மற்றவை நொறுங்கிவிட, டுவேனுடையதும் பக்கத்து வீட்டு விர்ஜிலுடையதும் மிஞ்சின. விர்ஜில் தன் வண்டியோடு பிக்கப் டிரக்குக்குப் பின்னால் போய், சற்றுத் தாமதமாகத்தான் திரும்பினார்.

“என்ன கிழவா, பயத்துல வயித்தைக் கலக்கிடுச்சா?” என்றான் டுவேன்.

சரளை மேட்டிலிருந்து இரண்டு வண்டிகளும் எகிறின. அந்தரத்தில் மோதின. உடைந்த பிளாஸ்டிக் சில்லு ஒன்று வேடிக்கை பார்த்த ஒருவன் கன்னத்தைக் கிழித்தது, அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, “ஏத்து, மண்டை மேல ஏத்து!” என்று குதித்தான்.

முறியும் சத்தத்துக்காக மார்லாவின் உடம்பெல்லாம் காதாகியிருந்தது. இப்படிக் காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான். வீட்டுக் கதவு திறக்கும் சத்தத்துக்கும் இப்படித்தான் காத்திருப்பாள்.

டக்.

மூச்சு நின்றுபோய்ப் பார்த்தாள். விர்ஜிலின் வண்டி அசையாமல் கிடந்தது. மோட்டார் மட்டும் வெறுமனே அலறியது. டுவேன் விடவில்லை, அது தட்டையாகும் வரை திரும்பத் திரும்ப ஏற்றினான்.

“பீர் என் செலவுடா!” என்று கூவினான்.

நொறுங்கிய வண்டியை அள்ளிக்கொண்டு விர்ஜில் அவளைத் தாண்டிப் போனார். அதன் ஷாஃப்ட்டின் முறிந்த முனையைப் பார்த்ததும் மார்லா அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

“இது அஞ்சு எம்எம். நீங்க எட்டுக்குக் குறைஞ்சு போடவே மாட்டீங்களே!”

“மெதுவாம்மா. அவன் உன்கிட்ட கத்தினது கேட்டுச்சு. அதான் நான் தோக்கணும்னு ஓடிப்போய் மோட்டாரை மாத்திக்கிட்டேன்.” கிழவர் கண்ணைச் சிமிட்டினார். “இன்னிக்காவது நிம்மதியாத் தூங்கு.”

டுவேன் முதல் பாட்டிலைப் பல்லால் கடித்துத் திறந்தான். மார்லாவின் உதடுகள் வெளுத்தன.

“தோத்தா கத்துறதோட சரி. ஜெயிச்சாத்தான் அவன் அடிப்பான், விர்ஜில்.”