கீச்சானின் குரல் தடித்த விதம்

இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். இப்போதே சிரித்துவிடாதீர்கள், முதலில் கொஞ்சம் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

சிந்தசைசர் என்ற ஒரு மின்னிசைப் பெட்டிக்குள் ஒலி எழுப்பும் இரண்டு கருவிகள் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. ஒன்று கீச்சான். இன்னொன்று, எவர் குரலையும் அச்சு அசலாகப் பேசிக்காட்டும் வாலு.

“இன்னைக்கும் இந்தக் கீச்சுக்குரல் தடிக்கலேன்னா கழற்றி எறிஞ்சிடுவேன்” என்று பெட்டியை வாசிக்கிறவள் சொல்லிவிட்டாள். கீச்சான் நடுங்கியது. வாலுவுக்கும் திக்கென்றது. இவன் போய்விட்டால் அப்புறம் யாரைக் கிண்டல் செய்வது?

தான் சொன்னால் கீச்சான் கேட்காது என்று, மேலடுக்கில் தூங்கிக்கொண்டிருந்த, ஒலியை வடிகட்டும் ஃபில்டர் அண்ணாச்சியின் கரகரத்த குரலில் வாலு சொன்னது: “ஏலே, வயித்த எக்கி, பல்லக் கடிச்சுக் கத்துடே. குரல் தன்னால பெருக்கும்.”

“சரிங்க அண்ணாச்சி!” கீச்சான் அப்படியே கத்தியது.

வாலுவும் கீச்சானின் குரலில் கூடவே கத்தியது. அச்சு அசலாகக் கத்தினால் இரண்டும் ஒன்றாய் ஒட்டிக்கொள்ளும், தடிக்காது. அதனால் பிறந்ததிலிருந்து முதல்முறையாக, மானத்தை விட்டு, சுருதியை மயிரிழை பிசகவிட்டது. புலி உறுமியதுபோல் பெட்டியே அதிர்ந்தது.

பூரிப்பில் கீச்சான் கத்துவதை நிறுத்திவிட்டு, “கேட்டியாடா வாலு, என் குரலை!” என்றது.

குரல் நிற்கவில்லை. மெலிந்து, சற்றே பிசகி, பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது.

கீச்சான் மெல்லத் திரும்பிப் பார்த்தது.

“அடப்பாவி, நீயாடா? நிறுத்தாதே, இதோ நானும் வர்றேன்!”