இருட்டில் மூன்று பெட்டிகள்

"தம்பி, இன்னையோட வேலை முடிஞ்சிச்சு! அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க நிம்மதியா வீட்ல படுத்துத் தூங்கலாம்!"

விசுவலிங்கம் குஷியாகத்தான் சொன்னார். காப்பித் தட்டோடு வந்த அவர் மகள் சிந்துஜா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

'இவன் ஏதாவது சொல்வானா?' என்று தேவானந்தனைப் பார்த்தாள்.

"சரி அங்கிள்," என்றான் அவன். அவ்வளவுதான். மரக்கட்டை!

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து விசுவலிங்கத்துக்கு ரயில் பைத்தியம். குளுவாங் ஊரிலுள்ள வீட்டுக் கூடத்தில் பெரிய மேசை போட்டு, அதன்மேல் தண்டவாளம், ஸ்டேஷன், ஓர் இஞ்சின், ஆறு பெட்டிகள். அதைப் 'பொம்மை ரயில்' என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க அவரோடு பேச முடியாது. பெட்டிக்குள் எரிந்த பழைய குண்டு பல்புகளின் சூட்டில் ஒரு பெட்டியின் கூரை அப்பளமாக நெளிந்துவிட்டது. எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றிவிட ஆள் தேடினார். ரயில் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தவன்தான் தேவானந்தன். சிங்கப்பூரில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை, சனி ஞாயிறுக்கு எல்லை தாண்டிப் பக்கத்து ஊர் யோங் பெங்கிலுள்ள வீட்டுக்கு வருகிறவன்.

ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. ஆனால் எல்இடி பழைய பல்பு மாதிரி கிடையாது. அதன் குட்டி பிளக்கைத் திருப்பிச் சொருகிவிட்டால் எரியாது. இந்த ரகசியத்தை முதல் நாளே சிந்துஜாவிடம் சொன்னவனும் அவன்தான். யாரிடம் எதைச் சொல்லக்கூடாதோ, அவளிடம் அதைச் சொல்லிவிட்டான், பாவம்! அப்புறமென்ன, ஒவ்வொரு ஞாயிறும் அவன் வந்து பார்க்கும்போது ஏதாவது ஒரு பெட்டி இருட்டாகக் கிடக்கும். அவனும் தலையைச் சொறிந்துகொண்டே உட்கார்ந்து சரி பண்ணுவான். பிளக் எப்படித் திரும்பியது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கவனிக்கத் தெரியாத மண்டு என்று அவள் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

இன்றைக்கும் சரி பண்ணியாகிவிட்டது; ஆறு பெட்டிகளும் பளிச்சென்று எரிந்து தொலைத்தன.

"சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி," என்று உள்ளேயிருந்து அம்மா சரோஜினி குரல் கொடுத்தாள்.

"சாப்பிட்டதும் ஜன்னலெல்லாம் சாத்திட்டு, இருட்டுல கடைசியா ஒரு ஓட்டம் பாத்துடலாம்," என்றார் விசுவலிங்கம்.

மீன் குழம்பும் சொதியும் மணத்தன. சிந்துஜாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"தண்ணி எடுத்துட்டு வரேன்மா," என்று எழுந்தாள். நேரே கூடத்துக்கு ஓடினாள். மூன்றாவது பெட்டியின் கூரையைத் தூக்கி, பிளக்கைத் திருப்பி, மூடிவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல வந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி எங்கடி?" என்றாள் அம்மா.

அசடு வழிந்துகொண்டே மறுபடி எழுந்து போய் எடுத்துவந்தாள். அதற்குள் தேவானந்தன் கை கழுவப் போயிருந்தான். அவன் வந்ததும், போன் அடிக்கிறது என்று விசுவலிங்கம் எழுந்து போனார்.

"அலமாக்! ஒருத்தராச்சும் ஒழுங்கா உக்காந்து சாப்பிடுங்களேன் லா!" என்று சரோஜினி சலித்துக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்தது. ஜன்னல்களைச் சாத்தினார்கள். விசுவலிங்கம் சுவிட்சைத் தட்ட, ரயில் ஜோராகக் கிளம்பியது. மூன்றாவது பெட்டி இருட்டு. சிந்துஜா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அடுத்த நொடி அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது பெட்டியும் இருட்டு. ஐந்தாவதும் இருட்டு!

'நான் ஒண்ணைத்தானே திருப்பினேன்!'

"என்னங்க இது? சாப்பிடறதுக்கு முன்னாடி எல்லாம் எரிஞ்சிச்சே!" சரோஜினி ரயிலை நிறுத்தச் சொன்னாள். தேவானந்தன் மூன்று பெட்டிகளையும் திறந்தான். மூன்றிலும் பிளக் திரும்பியிருந்தது.

"அது எப்படித் தானாத் திரும்பும்? யாரு பாத்த வேலை இது?"

அம்மாவின் அந்தக் குரலுக்கு முன்னால் சிந்துஜாவுக்குப் பொய் வராது.

"மூணாவது பெட்டி நான்தான்மா," என்றாள் தரையைப் பார்த்தபடி. "ஒவ்வொரு வாரமும் நான்தான்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள்.

"ரெண்டாவது நான், ஆண்ட்டி," என்றது மரக்கட்டை.

சிந்துஜா வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"வாரா வாரம் இவங்கதான் திருப்பி வைக்கறாங்கனு எனக்குத் தெரியும்," என்றான் அவன், காது வரை சிவந்துபோய். "இன்னைக்கு ஒருவேளை மறந்துட்டாங்கனா? அந்தப் பயத்துல நானே திருப்பிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது, அம்மா நிற்கிறாளே என்று அடக்கிக்கொண்டாள்.

"சரி, அஞ்சாவது பெட்டி?" சரோஜினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அவளும் இல்லை, அவனும் இல்லை.

விசுவலிங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"என்னை ஏன் முறைக்கற? இனி வர வேணாம்னு சொல்லிப் பாத்தேன், ரெண்டும் வாயத் திறக்கல. ஆடி மாசத்துல கலியாணப் பேச்சு எடுக்கக் கூடாதுனு சொன்னது நீதானே? அடுத்த ஞாயிறு ஆவணி பொறந்துடும், அன்னைக்கு மாப்பிள்ளை வர ஒரு பெட்டியாவது இருட்டா கிடக்க வேணாமா?"