பெலிக்ஸின் தம்பி

வற்றிய கண்மாய்க்குள் மாலை வெயில் மஞ்சளாய்ச் சாய்ந்து கிடக்கிறது. ஓடுகிற கால்கள் கிளப்பும் புழுதிக்குள் பந்து தெரிவதும் மறைவதுமாக இருக்கிறது. கரையில் கருவேல மர நிழலில் நிற்கும் சோலையப்பனுக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நாளை மறுநாள் மீமிசலில் கால்பந்துப் போட்டி. கோல் மேல் கோலாக அடித்துக் கொடுத்த பெலிக்ஸ், கோவா அணிக்குப் போய்விட்டான். அந்த இடத்தில் அவன் தம்பி எட்வினைச் சேர்ப்பதா வேண்டாமா என்று, பயிற்சியாளர் என்கிற முறையில் இவர்தான் சொல்ல வேண்டும். பத்தாம் எண் போட்ட அண்ணனின் பழைய சட்டைதான் எட்வின் உடம்பிலும். அதே சாய்ந்த ஓட்டம், பந்து வருமுன் கால்சட்டையில் உள்ளங்கையைத் துடைக்கும் அதே பழக்கம். கேப்டன் ரகுநாத் பந்தை இடது ஓரத்துக்கு நீளமாக அடிக்கிறான். அங்கே யாருமில்லை. பந்து கோட்டைத் தாண்டி நெருஞ்சிமுள்ளில் போய் நிற்கிறது. “பாருங்கண்ணே, அங்கிட்டு அடிச்சா இவன் இங்கிட்டு நிக்கிறான். அண்ணன்ல கால்வாசி கூட இல்ல” என்று ரகுநாத் மூச்சிரைக்கிறான். பெலிக்ஸ் வழக்கமாக ஓடி வரும் இடம் அது. எட்வினோ கோலுக்கு நேரே, தடுக்க ஒருத்தருமில்லாத வெட்டவெளியில், பந்து கேட்டுத் தூக்கிய கையை இன்னும் இறக்காமல் நிற்கிறான். தப்பு நின்றவன் பேரிலா, அடித்தவன் பேரிலா? சோலையப்பனுக்குப் பிடிபடவில்லை. பையனிடமே ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம் என்று வாயருகே கையைக் குவித்துக் கூப்பிடுகிறார்: “ஏப்பா, பெலிக்ஸ்!” கூப்பிட்ட பிறகுதான் உறைக்கிறது. நாக்கைக் கடித்துக்கொள்கிறார். தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டு, “இந்தா வாரேண்ணே” என்று எட்வின் ஓடி வருகிறான்.