கூடையில் கிடந்த வால்

கமலவேணி கை நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு பரிசல்துறைக்கு வந்தாள்.

மாதையன் தலையில் அதைத் தூற்றி, வாய்க்கு வந்தபடி சபித்துவிட்டுப் போவது என்று முடிவுகட்டித்தான் விடிந்ததும் விடியாததுமாக வெற்றிலைக் கொடிக்கால் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

சந்தைப்பேட்டையில் வெறிநாய் ஒன்று இரண்டு பேரைக் கடித்தது. அதை அன்றைக்கே அடித்துக் கொன்றாயிற்று. அதோடு விட்டார்களா? ஊரில் ஒரு நாயும் மிஞ்சக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அடிக்கிற வேலை மாதையனுக்கு. அடித்ததற்கு அத்தாட்சியாக வால் நுனியை வெட்டிக் கொண்டுவந்து பஞ்சாயத்து போர்டு ஆபீஸில் காட்ட வேண்டும்.

முதல் நாளான திங்கட்கிழமை சாயங்காலம் அந்த ஆபீஸ் வாசலில் அவன் இறக்கிவைத்த கூடையில், நுனி மட்டும் வெளுத்த செவலை வால் ஒன்று கிடந்தது.

கமலவேணியின் செவலைதான். அவள் வெற்றிலை கிள்ளும்போதெல்லாம் வரப்பில் படுத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருக்கும் நாய். திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் வேறொரு குட்டி கொண்டுவந்து தருகிறேன் என்றார். அந்த ஆறுதலுக்கு அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

மாதையன் பரிசலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். செத்த நாய்களை ஆற்றோடு விட்டுவிடுவதாக ஊரில் சொல்லியிருந்தான். எதிரே கோணிச்சாக்குகள் கிடந்தன.

அவள் கையை ஓங்கினாள்.

ஒரு சாக்கு அசைந்தது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அப்போதுதான் அவன் முழங்கால்களுக்கு நடுவே ஒரு கறுப்பு நாய் இருப்பதைப் பார்த்தாள். வாயை வாழைநாரால் கட்டியிருந்தான். வாலில் ரத்தம். கண் திறந்திருந்தது. அது இமைத்தது.

"மண்ணப் பொறவு போடலாமுங்க அம்மிணி. சுண்ணாம்பு இருந்தாக் குடுங்க. ரத்தம் நிக்க மாட்டேங்குது."

வெற்றிலைக்காரி மடியில் சுண்ணாம்பு இல்லாமல் இருக்குமா? டப்பியை எடுப்பதற்காக மண்ணைக் கீழே விட்டாள். கேட்காமலே உட்கார்ந்து நாயின் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து வெட்டுவாயில் அப்பினான்.

அப்பிக்கொண்டே, கேட்டதற்கெல்லாம் துண்டு துண்டாகப் பதில் சொன்னான்.

ஆற்றைத் தாண்டினால் திருச்சி ஜில்லா. சேலம் ஜில்லா உத்தரவு அங்கே செல்லாது. அக்கரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் கந்தப்பன், வருகிற நாய்களைத் தென்னைக்கு ஒன்றாகத் தனித்தனியே கட்டிவைத்துக் கம்மங்கூழ் ஊற்றுகிறார். நுரையும் சுழியுமாகப் போகிற ஆவணித் தண்ணீரில் எந்த நாயும் நீந்தித் திரும்பாது. ஆபீஸுக்குத் தெரிந்தால் அவன் வேலை போவதோடு நிற்காது. விலங்கு மாட்டித்தான் கூட்டிப் போவார்கள்.

கமலவேணி சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்ப... வெட்டுறது வால மட்டுந்தானா?"

"வால மட்டுந்தானுங்க."

கூடையில் கிடந்தது வால்தானே. அதைப் பார்த்துவிட்டு நாயே செத்ததென்று ஊரோடு சேர்ந்து அவளும் அல்லவா ஒப்பாரி வைத்தாள்! அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இந்த மனுஷன் தலையிலா மண்ணைப் போட வந்தோம் என்று கூசியது.

"நானும் வாரேன்," என்றாள்.

"வேண்டாமுங்க அம்மிணி. தண்ணி வேகமாப் போவுது."

அதற்குள் அவள் பரிசலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நடு ஆற்றில் சாக்குகள் முனகின. ஒவ்வொன்றின் மேலும் கைவைத்து, அழாதே சாமி, இதோ வந்தாச்சு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். செவலைக்கு ஒரு வாய் சோறு எடுத்துவரத் தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மாதையன் துடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பரிசல் கரை தட்டுவதற்கு முன்பே கூப்பிட்டாள்.

"செவலே!"

தென்னந்தோப்பு முழுக்க நாய்கள் குரைத்தன. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஒவ்வொரு மரத்தடியிலும் சுண்ணாம்பு அப்பிய மொட்டை வால் ஒன்று அவளைப் பார்த்து ஆடியது. சண்முகவேல் வீட்டுப் புள்ளி நாய் இருந்தது. தறிக்காரர் வீட்டுக் கிழட்டு நாய் இருந்தது. கோயில் வாசலில் கிடக்கும் நொண்டிகூட இருந்தது.

கடைசி மரம்வரை போனாள். அங்கே ஒரு சாம்பல் நிறக் குட்டி கூழை நக்கிக்கொண்டிருந்தது.

கந்தப்பன் கூழ்ச்சட்டியோடு அவளைப் பார்த்தார். பிறகு பரிசலைப் பார்த்தார்.

மாதையன் பரிசலைவிட்டு இறங்கவே இல்லை.

"மொத நாளு எனக்கு இந்த ரோசனையே வரலீங்க அம்மிணி," என்றான், அவள் திரும்பி வந்து எதிரே நின்றபோது. "தடிய ஓங்கையிலயும் உங்க செவல வாலாட்டிக்கிட்டே நின்னுச்சுங்க. அத அடிச்சுப் போட்ட பொறவுதானுங்க..."

துடுப்பைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் ஆற்றையே பார்த்தபடி நின்றாள். கண்ணீர் தன் பாட்டுக்கு வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பிறகு குனிந்து, பரிசலில் இருந்த சாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையில் வைத்தாள். கறுப்பு நாயின் வாய்க்கட்டைத் தானே அவிழ்த்தாள். எல்லாம் இறங்கியானதும் பரிசலில் ஏறி அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கெளம்பு மாதையா," என்றாள். "பள்ளியோடத் தெருவுல இன்னும் நாய்க இருக்குது."